கூடை சுமந்த கழுத்துக்கு யார் பொறுப்பு?



போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பெரட்டுக் களத்தில் நின்றோம். கழுத்தில் சத்திரசிகிச்சை செய்து எட்டாவது வாரத்தில் இருந்த ஒரு அக்கா, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை நாம்தான் வாசித்துச் சொன்னோம். "இன்னும் நான்கு மாதத்துக்குத் தலையிலும் தோளிலும் பாரம் சுமக்கக் கூடாது. இலகுவான வேலை கொடுக்கவும்." இவ்வளவுதான் அதில் இருந்தது. கிடைத்த பதில் அதைவிடச் சிறியது: "தோட்டத்தில் இலகு வேலை என்று ஒன்று இல்லை. கொழுந்து எடுக்க முடிந்தால் மலைக்குப் போ. முடியாவிட்டால் வீட்டில் இரு."

அக்கா துண்டை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார். இடுப்பில் படங்கைக் கட்டினார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினார். வீட்டில் இருந்தால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கடைக் கணக்கு நிற்காது. இருபத்திநான்கு வருடம் இந்தத் தோட்டத்துக்குக் கொழுந்து சுமந்த கழுத்து அது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளை அவருக்கு எந்த மலை கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். பெயர் தேவையும் இல்லை. மடுல்சீமையிலும் பசறையிலும் நமுனுகுலவிலும் ஹப்புத்தளையிலும் கொஸ்லந்தையிலும் எந்த லயத்தில் போய்க் கேட்டாலும், "எனக்கும் அப்படித்தான் கை விறைக்குது" என்று சொல்ல ஒரு தாய் இருக்கிறார். இது அவர்கள் எல்லோருக்குமான கட்டுரை.

அந்த வலி எங்கிருந்து வருகிறது?

கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. ஒன்றோடொன்று உரசாமலிருக்க இடையில் மெத்தை போன்ற தட்டுகள் உண்டு. எலும்புகளின் நடுவே முண்ணாண் என்ற பெரிய நரம்புக் கயிறு இறங்குகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் நரம்புகள் பிரிந்து தோளுக்கும் கைக்கும் விரலுக்கும் போகின்றன. மெத்தை தேய்ந்து பிதுங்கினாலும், எலும்பில் முனை வளர்ந்தாலும், நரம்பு வெளியே வரும் துவாரம் ஒடுங்குகிறது. நரம்பு நெரிபடுகிறது.

நெரிபடுவது கழுத்தில்; கத்துவது கை. அதனால்தான் நம்மவர்கள் தோளிலும் முழங்கையிலும் தைலம் தேய்த்துத் தேய்த்து மாதங்களைப் போக்குகிறார்கள். எந்த நரம்பு நெரிபடுகிறது என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் பெருவிரல் பக்கமோ, நடுவிரலோ, சின்னிவிரல் பக்கமோ விறைக்கும். தோளிலிருந்து விரல் நுனிவரை கரண்ட் அடித்தது போல ஓடும். மிளகாய் பூசியது போல எரியும். இரவில் கூடும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சிலருக்குக் கொஞ்சம் ஆறும். அக்கா ஐந்து மாதம் அப்படித்தான் தூங்கினார், சுவரில் சாய்ந்து, கையைத் தலைமேல் வைத்தபடி.

அவருடைய மகள் நம் வகுப்பில் படிக்கிறாள். அந்த மாதங்களில் தினமும் பிந்தித்தான் வந்தாள். ஏன் பிந்தினாய் என்று நாமும் கோபித்தோம், ஒருநாள் வெளியே நிற்கவும் வைத்தோம். அம்மாவுக்குத் தலை சீவி, சட்டைப் பொத்தான் பூட்டி, தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு வருகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தாயின் விரல்கள் பொத்தானைப் பிடிக்கவில்லை. அந்த விரல்களிடம்தான் தோட்டம் அன்றாடம் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கேட்டது.

கழுத்துக்குக் கழிவு கிடையாது

மனிதனின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ பாரம். அதைத் தாங்கத்தான் கழுத்து அமைந்திருக்கிறது. கயிற்றைத் தலையில் மாட்டிப் பதினைந்து கிலோ கொழுந்தோடு கூடையைத் தொங்கவிட்டால், அந்தச் சுமையைத் தாங்குவதும் அதே கழுத்துத்தான். அதோடு சரிவில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், வாசத்தைத் தாண்ட வேண்டும், வழுக்கும் கல்லில் கால் வைக்க வேண்டும். எடுக்கும்போது குனிந்த கழுத்து மணிக்கணக்காகக் குனிந்தே இருக்கிறது. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுவைக்குத் தூக்கிப் போக வேண்டும். கூடைக்குப் பதில் சாக்கு வந்த தோட்டங்களிலும் நிறைந்த சாக்கு கடைசியில் தலைக்கோ தோளுக்கோதான் ஏறுகிறது.

மழை நாளை நினைத்துப் பாருங்கள். கொழுந்து நனைந்து கனக்கிறது. அந்தக் கனம் முழுவதையும் கழுத்து சுமந்து வருகிறது. தராசடிக்கு வந்ததும் ஈரத்துக்கு இத்தனை கிலோ, கூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள். தராசில் கழிவு உண்டு. கழுத்தில் கழிவு கிடையாது. சம்பளம் கிடைக்காத கிலோவையும் எலும்பு சுமந்துதான் ஆக வேண்டும்.

ஆண்களுக்கும் இதே கதைதான். ஐம்பது கிலோ உர மூட்டையைத் தலையில் ஏற்றி மலைக்குப் போகிறவர், மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிக்கிறவர், பெக்டரியில் சாக்கு தூக்குகிறவர் எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கழுத்துத் தேய்வு எல்லாமே சுமையால் வருவதல்ல. வயதாலும் வரும், கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கும் வரும். இதைத்தான் நிர்வாகங்கள் கேடயமாகப் பிடிக்கின்றன: "இது வயசுக்கு வருகிற தேய்மானம்." சரி, வயதால்தான் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். தேய்ந்த கழுத்தின்மேல் பதினைந்து கிலோவைத் தொங்கவிடுவது யார்? சத்திரசிகிச்சை செய்த கழுத்தின்மேல் திரும்பவும் கயிற்றை மாட்டச் சொன்னது வயதா, தோட்டமா?

பெனடோல் அட்டையும் இழந்த மாதங்களும்

அக்கா முதலில் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனார். பெனடோல் கிடைத்தது. அடுத்த வாரமும் பெனடோல். பிறகு பூசுகிற மருந்து. மூன்று மாதம் கழிந்து கை மெலிந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கிடைத்தது. டிஸ்பென்சரியில் ஒருவராக நின்று பல டிவிசன்களைப் பார்க்கிற உத்தியோகத்தரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. தோட்டத்துக்கென்று 1912இல் வெள்ளைக்காரன் காலத்தில் மருத்துவச் சட்டம் எழுதினார்கள். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும் தோட்டத்து நோயாளிக்கும் அரச ஆஸ்பத்திரிக்கும் இடையிலுள்ள அந்த ஒரு துண்டு இன்னும் ஒருவருடைய மனசைப் பொறுத்தே இருக்கிறது. நாட்டில் மற்றவர்கள் நேரே போகிற அரச ஆஸ்பத்திரிக்கு நாம் ஏன் அனுமதி கேட்டுப் போக வேண்டும்?

அடுத்தது கணக்கு. கிளினிக்குக்கு ஒரு நாள், எக்ஸ்ரேக்கு ஒரு நாள், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் திகதி வாங்க ஒரு நாள், ஸ்கேன் எடுக்க ஒரு நாள், அறிக்கையோடு டொக்டரைக் காண ஒரு நாள், மயக்க மருந்துப் பரிசோதனைக்கு ஒரு நாள். வலியுள்ளவர் தனியே பஸ்ஸில் போக முடியாது, துணைக்கு ஒருவர் போக வேண்டும். ஆறு நாள், இரண்டு ஆள், பன்னிரண்டு பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும் 16,200 ரூபா. பஸ் காசும் சாப்பாடும் வேறு. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பது உண்மை. அந்த இலவசத்தின் வாசலுக்குப் போகவே ஒரு குடும்பம் பன்னிரண்டு பேரை இழக்கிறது. அதனால்தான் நம் பெண்கள், "அடுத்த மாசம் போவோம், சம்பளம் வரட்டும்" என்று தள்ளிப் போடுகிறார்கள். பொறுமை என்று இதைப் புகழ்கிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

பயத்தையும் கொஞ்சம் பேசுவோம்

"கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விளங்காமல் போகும்" என்ற பேச்சு லயம் லயமாகச் சுற்றுகிறது. இதில் சரி எது, பிழை எது என்று தெரிந்துகொள்வோம்.

கழுத்து நரம்பு வலி வந்த எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு, பாரத்தை நிறுத்துதல், மருந்து, பிசியோதெரபி ஆகியவற்றால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறைகிறது. இதில் முக்கியமான சொல் "பாரத்தை நிறுத்துதல்". அந்த ஒரு மருந்தைத் தோட்டம் கொடுக்காததால்தான், மாத்திரையால் ஆற வேண்டிய பலர் சத்திரசிகிச்சை வரை போகிறார்கள் என்று நாம் குற்றம் சாட்டுகிறோம்.

சில அடையாளங்கள் வந்தால் காத்திருக்கக் கூடாது. கை நாளுக்கு நாள் பலம் குறைவது, பிடித்த பொருள் நழுவி விழுவது, பொத்தான் பூட்ட முடியாமல் போவது, நடக்கும்போது கால் தடுமாறுவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ போக முடியாமலோ இருப்பது. இவை முண்ணாணே அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முண்ணாண் அழுத்தத்துக்குச் செய்யும் சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது. இழந்தது முழுவதும் திரும்பும் என்று எந்த டொக்டரும் வாக்குக் கொடுக்க முடியாது. "ஆப்பரேசன் செய்தும் கை சரியாகவில்லை" என்று நாம் கேள்விப்படும் கதைகளில் பல, பிந்திப் போனவர்களின் கதைகள். பழி கத்தியின்மேல் விழுகிறது. தாமதித்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

இன்னொன்று. சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைத் திருகி முறிக்க யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். நரம்பு நெரிபட்ட கழுத்தில் அது பேராபத்து. கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவதும் வேண்டாம். வயிற்றில் புண் வரும், சிறுநீரகத்துக்கும் கேடு. நரம்பு வலிக்கென்று டொக்டர் கொடுக்கும் மருந்து தூக்கத்தையும் தலைச்சுற்றையும் தரலாம். அதைப் போட்டுக்கொண்டு சரிவான மலையில் ஏறச் சொல்வது தள்ளிவிடுவதற்குச் சமம். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

கட்டில் விட்டு எழுந்த பிறகு

பொதுவாகக் கழுத்தின் முன்பக்கம் சிறிதாக வெட்டி, கெட்ட தட்டை எடுத்து, அந்த இடத்தில் எலும்புத் துண்டையோ சிறு கூண்டையோ வைக்கிறார்கள்; தேவையானால் தகடும் திருகாணியும் பூட்டுகிறார்கள். சிலருக்குப் பின்பக்கமாகச் செய்கிறார்கள். ஒன்றிரண்டு கிழமைக்கு விழுங்கக் கஷ்டமாகவும் தொண்டை நோவாகவும் இருக்கலாம். கையில் ஓடிய வலி பலருக்குச் சீக்கிரம் குறைகிறது. விறைப்பும் பலமும் திரும்ப மாதங்கள் எடுக்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சியும் நிற்கும். வைத்த எலும்பு ஒட்டிப் பிடிக்க மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். வெளியில் காயம் ஆறி, ஆள் நடமாடுவதைப் பார்த்து, "சுகமாகிவிட்டாளே" என்கிறார்கள். உள்ளே எலும்பு இன்னும் ஒட்டவில்லை. எட்டாவது வாரத்தில் கூடையை மாட்டச் சொல்வது, நேற்று நட்ட கன்றை இன்று பிடித்து இழுப்பது போன்றது.

இங்கே வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. அண்ணன்மாரே, தம்பிமாரே, லயத்தில் பாரம் என்பது கூடை மட்டுமல்ல. பீலித் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, நனைந்த உடுப்பு வாளி, இடுப்புப் பிள்ளை எல்லாம் பாரம்தான். டொக்டர் சுமக்காதே என்று சொன்ன மனுசியிடம் குடத்தைக் கொடுத்துவிட்டு நிர்வாகத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. அந்த ஆறு மாதமும் குடமும் விறகும் ஆண்களின் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் அதைக் கட்டக் கூடாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் சுருட்டும் பீடியும் எலும்பு ஒட்டுவதைத் தடுக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்பே விட்டுவிடுங்கள். டொக்டர் சொன்ன அளவு நடப்பதும், பிசியோதெரபியில் காட்டிய பயிற்சியும் தவறக் கூடாது. கழுத்து திடீரென வீங்கி மூச்சு முட்டினாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிந்தாலோ, கை கால் புதிதாகப் பலம் குறைந்தாலோ கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

இலகு வேலை இல்லையாம்!

தோட்டத்தில் இலகு வேலை இல்லை என்கிறார்கள். நாம் எண்ணிப் பார்த்தோம். பிள்ளைக் காம்பராவில் ஆயாவுக்கு உதவி இல்லையா? தவறணையில் கன்றுப் பையில் மண் நிரப்பும் வேலை, களை பிடுங்கும் வேலை இல்லையா? தராசடியில் துண்டு எழுத ஆள் வேண்டாமா? பெக்டரியில் உட்கார்ந்து தேயிலையில் நார் பொறுக்கும் வேலை இல்லையா? இவை எல்லாம் இருக்கின்றன. யாருக்குக் கொடுப்பது என்பதற்குத்தான் ஒழுங்கு இல்லை. வேண்டியவருக்குக் கிடைக்கிறது, நோயாளிக்குக் கிடைப்பதில்லை. இல்லாதது வேலை அல்ல, மனசு.

"ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கழுத்து வலி என்று வருவார்கள்" என்பது அடுத்த வாதம். எல்லோருக்கும் கழுத்து வலி இருக்கிறது என்று நிர்வாகமே ஒப்புக்கொள்கிறதா? அப்படியானால் பேச வேண்டியது இலகு வேலையைப் பற்றி அல்ல, கூடையைப் பற்றி. டொக்டரின் துண்டு இல்லாமல் யாரும் கேட்கவில்லை. துண்டோடு வந்தவரையே திருப்பி அனுப்பினார்கள் என்பதுதான் நம் வழக்கு.

"தேயிலை விலை சரியில்லை, கம்பனி நட்டத்தில் ஓடுகிறது" என்பது கடைசி வாதம். கயிற்றைத் தலையிலிருந்து எடுத்து, இரண்டு தோளிலும் இடுப்பிலும் பாரம் பிரியும் அகலமான பட்டியைக் கூடைக்குத் தைக்க எவ்வளவு செலவு? நிறைந்த சாக்கைத் தராசு இருக்கும் இடத்துக்கு நாம் தூக்கிப் போவதற்குப் பதில், தராசை மலைக்குப் பக்கத்தில் கொண்டுவர எவ்வளவு செலவு? ஈரக் கழிவில் நம்மிடமிருந்து எடுத்த கிலோவே இதற்குப் போதும் என்று சொன்னால் கோபப்படுவார்கள். கோபப்படட்டும். கணக்கைக் காட்டிப் பொய் என்று நிரூபிக்கட்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். அது பெக்டரிக்குள் இருக்கும் தொழிலாளியின் பாதுகாப்பைப் பேசுகிறது. பெக்டரி வாசலைத் தாண்டி மலைக்கு வந்தால் அந்தச் சட்டம் கூட வருவதில்லை. தேயிலை மெசினுக்குள் போகும்போது பாதுகாப்புச் சட்டம் உண்டு. அந்தத் தேயிலையைச் சுமந்து வந்த பெண்ணின் கழுத்துக்கு இல்லை.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் நடந்த விபத்துக்கும், பட்டியலில் உள்ள தொழில்சார் நோய்களுக்கும் நட்டஈடு தருகிறது. கூடையோடு வழுக்கி விழுந்து கழுத்தில் அடிபட்டால் அது விபத்து. விழுந்த அன்றே பதிய வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து "இது வயசுத் தேய்மானம்" என்று சொல்லிவிடுவார்கள். சிறிதாக விழுந்தாலும் பதியுங்கள். வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்த கழுத்தை இந்தச் சட்டத்தின் வழியே நிரூபிப்பது மிகக் கடினம். அதைச் சட்டத்தில் தெளிவாக எழுத வைப்பது நம் வேலை.

தோட்டத் தொழிலாளருக்கென்றே சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1958இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இலங்கை அதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடு. அதில் மருத்துவப் பராமரிப்பும் உண்டு. 2022 ஜூனில் அதே ஸ்தாபனம், பாதுகாப்பும் சுகமும் உள்ள வேலையிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. நாம் சலுகை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டதை நடைமுறைப்படுத்தச் சொல்கிறோம்.

இன்று கையில் உள்ள வழிகளையும் விடக் கூடாது. சத்திரசிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியைப் பிரதேச செயலகம் வழியாகக் கேட்கலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர் ஊழியர் சேமலாப நிதியை வயது வரும்வரை காத்திராமல் பெறலாம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்து விலகுகிறவருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை: "முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்" என்று நோயாளியிடம் வெள்ளைத் தாளை நீட்டினால், சங்கத்தில் காட்டாமல் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள். சுகமாகித் திரும்பக்கூடிய தொழிலாளியை மலிவாக வெளியேற்றும் வழி அது.

நம் பக்கத்துப் பிழை

நிர்வாகத்தைச் சொன்ன வாயால் நம்மையும் சொல்ல வேண்டும். எத்தனை வருடமாக நாம் ஒரே ஒரு எண்ணைப் பற்றியே பேசியிருக்கிறோம்! ஆயிரம், ஆயிரத்து எழுநூறு என்று சம்பள எண்ணுக்காகத் தெருவில் நின்றோம். அது தேவையான போராட்டம். அதை வென்ற கையோடு கிலோவைக் கூட்டினார்கள், நாம் போதுமான அளவு சத்தம் போடவில்லை. சம்பளம் கூடிய அன்று கூடையும் கூடியது. அந்த இரண்டாவது எண் நேராகக் கழுத்தில் எழுதப்பட்டது. மாதாமாதம் சந்தா பிடித்த சங்கங்கள் எதுவும் மலையில் ஒரு கூடையை நிறுத்துப் பார்த்து, இதற்கு மேல் ஏற்றாதே என்று எழுத்தில் கேட்டதாக நாம் காணவில்லை. நம் சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம். மேடையில் பேசியவர்களில் கூடை சுமந்தவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். பெண்கள் சந்தா கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை மேசையில் இடம் கிடைக்கவில்லை.

நாம் கேட்பது

ஒன்று: ஒரு தடவையில் சுமக்கும் பாரத்துக்கு எழுத்தில் உச்ச வரம்பு. அதற்கு மேலே எடுத்த கொழுந்தை வண்டியில் ஏற்றுவது தோட்டத்தின் பொறுப்பு.

இரண்டு: தலைக் கயிற்றுக்குப் பதிலாகத் தோள் பட்டியும் இடுப்புப் பட்டியும் உள்ள கூடை, தோட்டச் செலவில். நிறுவை மலைக்குப் பக்கத்தில்.

மூன்று: கை விறைப்பு, பலக்குறைவு என்று வருகிறவருக்கு டிஸ்பென்சரியில் தாமதமின்றி ஆஸ்பத்திரித் துண்டு. துண்டு இல்லாமல் நேரே போனவருக்கும் லீவு மறுக்கக் கூடாது.

நான்கு: கிளினிக் நாளுக்கு நோயாளிக்கும் துணைக்குப் போகிற ஒருவருக்கும் பேர்.

ஐந்து: ஒவ்வொரு தோட்டத்திலும் இலகு வேலைப் பதிவேடு. டொக்டரின் துண்டோடு வருகிறவருக்கு முதலிடம், முழுப் பேர், கிலோக் கணக்கு இல்லாமல்.

ஆறு: பாரத்தால் வரும் கழுத்து, முதுகு நோய்களைத் தோட்டத் தொழிலின் நோயாகச் சட்டத்தில் ஏற்றுக்கொள்ளுதல்.

ஏழு: ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் தமிழில் விளக்கம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தன் கழுத்தில் என்ன செய்யப் போகிறார்கள் என்று விளங்காமல் ஒரு தாய் கையெழுத்து வைக்கக் கூடாது.

நாளையிலிருந்து

கோரிக்கையை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கப் போவதில்லை. ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் சங்கத் தலைவிமார் ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். கை விறைப்பு உள்ளவர், எப்போதிருந்து, எத்தனை தடவை டிஸ்பென்சரிக்குப் போனார், எப்போது துண்டு கிடைத்தது, யார் இலகு வேலை கேட்டு மறுக்கப்பட்டார் என்பதைத் திகதியோடு எழுதுங்கள். எழுத முடியாதவருக்கு நம் பள்ளிக்கூடப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். ஒரு வாரம் உங்கள் கூடையைத் தராசில் வைத்து, கழிவுக்கு முன் எத்தனை, கழிவுக்குப் பின் எத்தனை என்று குறியுங்கள். "வயசுத் தேய்மானம்" என்று சொல்கிற வாயை அடைக்கிற ஆயுதம் அந்தக் கொப்பிதான்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஊவாவின் கதை ஒன்று. 1940இல் பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் நம் முன்னோர் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு தொழிலாளர் சபையை அமைத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசித் தோட்டத்தை நடத்த வெள்ளைக்காரத் துரையே ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. முழு வாக்குரிமையும் காணியும் இல்லாத காலத்தில் அவர்கள் அதைச் செய்தார்கள். ஒரு கொப்பியும் ஒரு பதிவேடும் நம்மால் முடியாதா?

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த நாள், அக்காவின் மலையில் எடுத்த மற்றப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். யாரும் சொல்லவில்லை. அவருடைய கூடையில் ஐந்து கிலோவுக்கு மேல் சேர விடவில்லை. நிரம்ப நிரம்பத் தங்கள் கூடைக்கு மாற்றி, நிறுவையில் அவர் பேரில் கொட்டினார்கள். தோழிகளின் கழுத்துகள் ஒரு கழுத்தைச் சுமந்தன. அந்த நெஞ்சுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் நோயாளியின் பாரத்தை இன்னொரு நோயாளி சுமப்பதைத் தீர்வு என்று ஏற்க முடியாது. அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியது தோட்டம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள். அக்காவின் துண்டு இன்னும் மடித்தபடியே இருக்கிறது. இந்தத் தடவை அதை நீட்டும்போது அவருக்குப் பின்னால் நாம் எல்லோரும் நிற்க வேண்டும்.